சலிவன் வீதியிலிருந்து எஸ்ஸோ பங்க் வரை

கோவை ரயில் நிலையத்தில் இறங்கிப் பெட்டியோடு வெளியே வரும் வெளியூர்க்காரரை முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, "ஏனுங்க, ஊட்டிங்களா?" என்பதுதான். பாதிப் பேர் தலையாட்டிவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். இல்லை, கோவையையே பார்க்கத்தான் வந்தோம் என்று யாராவது சொன்னால் உள்ளூர்க்காரருக்கே குழப்பம் வந்துவிடும். "எங்கூர்ல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? மருதமலை போங்க, பேரூர் போங்க, அப்படியே ஊட்டிக்குப் போயிருங்க" என்பார்.

இத்தனைக்கும் அந்த ஊட்டியைக் கண்டெடுத்துக் கொடுத்ததே கோவைதான். 1819-ல் நீலகிரி மலையேறி, பிறகு உதகமண்டலத்தை உருவாக்கிய ஜான் சலிவன் அப்போது கோயம்புத்தூர் கலெக்டர். டவுன்ஹால் பகுதியில் அவர் பெயரில் சலிவன் வீதி என்று ஒரு வீதி இன்றும் இருக்கிறது. தினமும் அந்த வழியாகப் போய்வரும் பலருக்கும் அது ஒரு கடை முகவரி மட்டுமே.

கோவைக்கு இப்படி ஒரு குணம் உண்டு. தஞ்சாவூர் மாதிரி அரண்மனையோ, வேலூர் மாதிரி கோட்டையோ காட்ட முடியாது. கோட்டை இருந்தது, மேடாகிப் போனது. பழைய சினிமாக் கொட்டகை இருந்தது. சாலையின் பெயராகிப் போனது. ஒரு கல்லூரி இருந்தது. பஸ் நிறுத்தமாகிப் போனது. இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும் ஊர் இது. ஆனால் பெயரை மட்டும் விடாது. அதனால் இந்த ஊரைப் பார்க்கச் சரியான வழி, ஒவ்வொரு பெயராகப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான்.

காலை ஆறரை மணிக்கு டவுன்ஹால் மணிக்கூண்டில் தொடங்கலாம். கடைகள் திறப்பதற்குமுன் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் இந்தப் பகுதியின் முகம் தெரியும். மேலே அண்ணாந்து பார்த்தால், பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால் பழைய மாடி வீடுகளின் மரத்தூண்களும் ஓட்டுக் கூரையும் இன்னும் சில இடங்களில் தென்படும். இந்தப் பகுதிக்குப் பெயர் கொடுத்த டவுன்ஹால் 1892-ல் விக்டோரியா மகாராணியின் பெயரால் கட்டப்பட்டது. அந்தக் கட்டடம் எழப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் எஸ்.பி. நரசிம்மலு நாயுடு. பத்திரிகை நடத்தியவர், அச்சகம் வைத்திருந்தவர், வடநாடு சுற்றிவந்து தமிழில் பயண நூல் எழுதியவர். சிறுவாணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவர முடியும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்னவரும் அவரே. 1866-ல் நகராட்சியான கோவை 1981-ல் மாநகராட்சியானது. மாமன்றம் கூடுவது இன்றைக்கும் அந்த விக்டோரியா ஹாலில்தான்.

அங்கிருந்து பெரிய கடை வீதி. ஜவுளிக் கடைகளுக்கு நடுவே இரட்டைக் கோபுரத்தோடு நிற்பது புனித மிக்கேல் பேராலயம். கோவைப் பகுதிக்கு முதல் கத்தோலிக்க ஆயராக வந்த பிரெஞ்சுக்காரர் மரியோன் பிரெசில்லாக் தொடங்கிவைத்த ஆலயம் இது. அவர் இங்கிருந்து விலகிப்போய் 1856-ல் பிரான்சின் லியோன் நகரில் ஆப்பிரிக்காவுக்கான மறைப்பணிச் சபை ஒன்றை நிறுவினார். 1859-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் இறந்தார். பெரிய கடை வீதியில் கல் எடுத்துவைத்தவரின் வாழ்க்கை அவ்வளவு தூரம் போய் முடிந்திருக்கிறது.

கோனியம்மன் கோயில் அங்கிருந்து எட்டி நடந்தால் வந்துவிடும் தூரம். கோவன் என்ற இருளர் தலைவன் காட்டைத் திருத்தி உண்டாக்கிய ஊர் கோவன்புத்தூர் என்றும், அவன் வழிபட்ட தெய்வமே கோனியம்மன் என்றும் ஊர் சொல்கிறது. மாசி மாதத் தேர்த் திருவிழா அன்று ராஜவீதியில் கால் வைக்க இடமிருக்காது. தேர் ஒப்பணக்கார வீதி வழியாக வரும்போது, வெயிலில் நிற்கும் பக்தர்களுக்கு அங்குள்ள முஸ்லிம்கள் தண்ணீர் பாட்டில் கொடுப்பதை அண்மை ஆண்டுகளில் பார்க்க முடிகிறது. அந்த வீதியில்தான் அத்தர் ஜமாத் பள்ளிவாசல் இருக்கிறது. அத்தர் வியாபாரிகள் எழுப்பிய பள்ளி என்பதால் வந்த பெயர். வீதியின் பெயரும் அப்படித்தான்: நாயக்கர் ஆட்சிக் காலத்தில் வரி, கணக்கு வேலை பார்த்த ஒப்பணக்காரர் இருந்த வீதி. இன்று தீபாவளிக்கு முந்தைய வாரம் கொங்கு நாடே துணி எடுக்க வந்து நிற்கும் இடம்.

ஒப்பணக்கார வீதியிலிருந்து கோட்டைமேட்டுக்குள் நுழைந்தால், கோட்டையைத் தேடக் கூடாது. மைசூர்ப் போர்களில் இந்தக் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1790-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1791-ல் திப்புவின் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுத் திரும்பப் பிடித்தது. திப்பு வீழ்ந்து, 1804-ல் மாவட்டத் தலைநகரான பிறகு ஊருக்குக் கோட்டை தேவைப்படவில்லை. மிஞ்சியது மேடும், கோட்டை சங்கமேஸ்வரர் கோயிலும், பெயரும். கோயில் மணியும் பாங்கொலியும் ஒரே சந்தில் கேட்கும் குடியிருப்பு இது. நண்பகல் நெருங்கினால் பிரியாணி தம் உடையும் வாசம் ஆளைத் திருப்பி இழுக்கும். கோவைக்குள் ஒரே ஒரு காலைப் பொழுதுதான் கிடைக்கும் என்றால், அதை இந்த ஒன்றரை கிலோமீட்டருக்கே கொடுத்துவிட வேண்டும்.

மணிக்கூண்டுக்குத் திரும்பி வந்தால் வெரைட்டி ஹால் ரோடு. சுருக்கமாக வி.எச். ரோடு. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரத்தை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் காட்டினார். 1914-ல் சொந்த ஊருக்குத் திரும்பி நிலையான கொட்டகை ஒன்றைக் கட்டினார். அதுதான் வெரைட்டி ஹால். தென்னிந்தியாவின் ஆகப் பழைய நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று. பிற்காலத்தில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறியது. இன்று அங்கே படம் ஓடுவதில்லை. ஆனால் 'டிலைட்' என்ற பிந்தைய பெயர் சாலைக்கு ஒட்டவில்லை. வின்சென்ட் வைத்த முதல் பெயர்தான் நிலைத்தது.

அந்த ஒரு கொட்டகையிலிருந்து முளைத்தது சிறிய விஷயமல்ல. 1930களில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) அங்கே உருவான படம். அதற்கு வசனம் எழுத வந்த மு. கருணாநிதி சிங்காநல்லூரில் குடியிருந்தார். பின்னாளில் தமிழ்நாட்டை ஆண்ட இரண்டு பேர் ஒரே காலத்தில் வேலை தேடி வந்த புறநகர் அது. புலியகுளம் பக்கம் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ இருந்தது; 1954-ல் 'மலைக்கள்ளன்' அங்கிருந்து வந்தது. இரண்டு ஸ்டுடியோக்களும் இப்போது இல்லை.

ஆர்.எஸ். புரம் வேறு உலகம். நேர்கோட்டுச் சாலைகள், மர நிழல், ஒழுங்கான குறுக்கு வீதிகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய ஊரின் நெருக்கமான வீதிகளில் பிளேக் பரவியது. மக்கள் ஊரைவிட்டு வெளியே குடிசை போட்டுத் தங்கினார்கள். காற்றோட்டமான புது விரிவாக்கம் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பயத்திலிருந்து பிறந்தது. நகராட்சித் தலைவராக இருந்த திவான் பகதூர் சி.எஸ். ரத்தினசபாபதி முதலியார் அதைச் செயலாக்கினார். ரத்தினசபாபதிபுரம்தான் ஆர்.எஸ். புரம். அதன் நடுவே ஓடும் டி.பி. ரோடு, திவான் பகதூர் ரோடு. சிறுவாணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்ததும் இவருடைய முயற்சிதான். ஒரு மனிதரின் பெயரும் பட்டமும் இரண்டு எழுத்து இரண்டு எழுத்தாகச் சுருங்கி, தினம் லட்சம் வாயில் புழங்குகிறது. பெயருக்கு உரியவரைத்தான் ஊர் மறந்துவிட்டது.

இதே பகுதியில் கௌலி பிரவுன் ரோட்டில் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. எச்.ஏ. காஸ் என்ற வனத்துறை அதிகாரி சேர்த்து, 1902-ல் தொடங்கப்பட்டது. மர வகைகள், பதப்படுத்திய விலங்குகள், பூச்சிகள் என்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கீழே இறக்கி வைத்தது போன்ற சேகரிப்பு. போகும்முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

அங்கிருந்து மேற்கே லாலி ரோடு. சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் லாலியின் பெயர். சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரி 1906-ல் கோவைக்கு மாறியது அவர் காலத்தில்தான். 1971-ல் அதுவே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. வெளியூர்க்காரர்கள் தாவரவியல் பூங்காவில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் இந்தப் பக்கத்தில் உலகத்துக்கே முக்கியமான இடம் இன்னும் சற்றுத் தள்ளி, வீரகேரளத்தில் இருக்கிறது: கரும்பு இனப்பெருக்க நிலையம்.

ஒரு நூற்றாண்டுக்குமுன் வட இந்தியாவில் விளைந்த கரும்பு ஒல்லிக் கரும்பு. சாறு குறைவு. தடித்த கரும்போ அங்கே நோயும் குளிரும் வந்தால் படுத்துவிடும். சர்க்கரைக்கு இந்தியா ஜாவாவை நம்பியிருந்தது. நல்ல ரகம் உண்டாக்க வேண்டுமானால் ஒன்றோடொன்று கலக்க வேண்டும். கலக்க வேண்டுமானால் கரும்பு பூக்க வேண்டும். எல்லா ஊரிலும் அது ஒழுங்காகப் பூப்பதில்லை. கோவையில் பூத்தது. அதனால்தான் 1912-ல் நிலையம் இங்கே வந்தது. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் தடித்த கரும்பையும் காட்டில் தானாக வளரும் நாணலையும் கலந்தார்கள். 1918-ல் பஞ்சாபுக்குக் கொடுத்த ரகத்தின் பெயர் கோ 205. அந்தக் 'கோ', கோயம்புத்தூரின் முதல் எழுத்து. தொடர்ந்து வந்த 'கோ' ரகங்கள் வட இந்திய வயல்களின் நிறத்தையே மாற்றின. கடல் கடந்து பல நாடுகளுக்கும் போயின. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1930களில் வேலை செய்ததும் இங்கேதான். உத்தரப் பிரதேசத்து விவசாயி ஒருவர் கரும்பின் ரகம் சொல்லும்போது, தான் பார்த்தேயிராத ஒரு ஊரின் பெயரைச் சொல்கிறார். கோவையிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும்?

நடு ஊரில், காந்திபுரத்துக்குப் பக்கத்தில் மத்திய சிறை. வ.உ. சிதம்பரனார் 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை இங்கே அடைபட்டிருந்தார். ஆங்கிலேயருக்கு எதிராகக் கப்பல் விட்டவரை, மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். அந்தச் செக்கைச் சிறை வளாகத்தில் பாதுகாத்து வைத்து, அவர் பிறந்த செப்டம்பர் 5-ம் தேதி ஆண்டுதோறும் மாலையிடுகிறார்கள். செக்கு என்றால் படத்தில் பார்த்த பிள்ளைகளுக்குப் புரியாது. இரண்டு மாடு சுற்றி இழுக்கும் கனமான உலக்கையை, வெயிலில், ஒரு வக்கீல் தோளால் தள்ளினார் என்று பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்.

இனி அவினாசி ரோடு. நடப்பதற்கு நீளம், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நடத்துநர் சொல்லும் நிறுத்தங்களைக் கேட்டுக்கொண்டே போனால் போதும். லட்சுமி மில்: 1910-ல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய ஆலை. அதன் வளாகத்தில் இப்போது கடைகளும் உணவகங்களும். நவ இந்தியா: கோவையிலிருந்து வந்த தமிழ் நாளிதழ், பத்திரிகை நின்றுவிட்டது, பஸ் நிற்கிறது. எஸ்ஸோ பங்க்: எஸ்ஸோ கம்பெனி 1974-ல் அரசுடைமையாகி இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது, அரை நூற்றாண்டு ஆகியும் நிறுத்தத்தின் பெயர் மாறவில்லை. பீளமேடு: பொங்கலுக்கு வீட்டு வாசலில் காப்புக் கட்டும் பூளைப்பூ நிறைய முளைத்த பூளைமேடு என்பார்கள் பெரியவர்கள். ஹோப் காலேஜ்: கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் 1945-ல் ஜி.டி. நாயுடு முன்னின்று தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி. அது தடாகம் ரோட்டுக்குப் போய் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. "ஹோப் காலேஜ் எறங்குங்க" என்று இன்றும் சொல்கிறார்கள்.

பஞ்சாலைதான் இந்த ஊரை ஆளாக்கியது. 1858-ல் கோவைக்கு வந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் 1862-ல் பள்ளிக்கூடமும் 1888-ல் முதல் பஞ்சாலையும் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்ற பெயர் அப்படித்தான் ஊன்றியது. பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926-ல் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாம் பங்கைத் தர்மத்துக்கு வைத்தார்கள். பி.எஸ்.ஜி. கல்வி நிறுவனங்களும் மருத்துவமனையும் அந்தப் பங்கின் வளர்ச்சி. அதே சாலையில் ஜி.டி. நாயுடுவின் அருங்காட்சியகமும், பழைய கார்களின் அருங்காட்சியகமும் உண்டு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ் ஓட்டித் தொடங்கியவர் அவர். 2025 அக்டோபரில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

முதலாளிகளின் பெயர் மட்டுமா சாலையில் இருக்க வேண்டும்? அதே அவினாசி ரோட்டில் விமான நிலையம் தாண்டினால் சின்னியம்பாளையம். ஆலைத் தொழிலாளர்களான ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8-ம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று தொழிற்சங்கத்தினர் ஆண்டுதோறும் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். ஆலைகளைப் பார்க்கப் போகிறவர் இங்கேயும் ஒரு நிமிடம் இறங்க வேண்டும்.

ரேஸ் கோர்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குதிரை ஓடிய வட்டத்தில் இப்போது மனிதர்கள் நடக்கிறார்கள். வெள்ளைக்காரர் கட்டிய ஆல் சோல்ஸ் தேவாலயமும் பழைய பங்களாக்களும் மரங்களும் சேர்ந்து மாலை நேரத்துக்கு நல்ல இடம்.

தெற்கே போத்தனூர். இன்று கோவையின் ஒரு மூலைபோல இருக்கும் இந்த நிலையம்தான் ரயிலில் மூத்தது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன பாதையில் 1862-லேயே போத்தனூர் வந்துவிட்டது; கோவைக்கு ரயில் வர 1873 ஆனது. இந்த நிலையத்துக்கு ஒரு துயரமும் உண்டு. 1921 நவம்பரில் மலபார்க் கைதிகளைத் திரூரிலிருந்து காற்றுப் புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது பலர் மூச்சுத் திணறி இறந்துகிடந்தார்கள்; பலி அறுபதைத் தாண்டியது. நினைவு மண்டபம் திரூரில் இருக்கிறது.

போத்தனூருக்குப் பக்கத்திலேயே வெள்ளலூர். 1842-ல் இங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன, பிறகும் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த வணிகம் நொய்யல் கரையோடு கிழக்கே கொடுமணல் வரை போன தடத்தில் இருந்த ஊர் இது. சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் 'ராஜகேசரிப் பெருவழி' என்று வெட்டிய எழுத்து, அந்தப் பழந்தடத்தின் நெடுஞ்சாலைப் பலகை. இன்று வெள்ளலூர் என்றால் கோவைக்காரருக்கு நினைவு வருவது மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு. ரோமாபுரிக் காசு கிடைத்த மண்ணில் ஊர்க் குப்பையைக் கொட்டுவது மனதை உறுத்துகிறது.

கடைசியாகப் பேரூர். நகரத்திலிருந்து மேற்கே ஆறேழு கிலோமீட்டர், நொய்யல் கரை. காமதேனுவின் கன்றான பட்டியின் குளம்பு பட்ட லிங்கம் என்பதால் பட்டீசுவரர். கோயிலுக்குள் எல்லோரும் போகிற வேகத்தில் போகாமல், கனகசபையில் உட்கார வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் வழிவந்த அளகாத்ரி நாயக்கர் கட்டிய மண்டபம். தூண்களில் யானைத் தோலை உரித்துப் போர்த்தி ஆடும் சிவன், அகோர வீரபத்திரர், பிட்சாடனர், காளி, நடனமிடும் கணபதி. யானையுரித்தவரின் காலடியில் நின்று கீழிருந்து பார்த்தால், தோலின் ஓரம் எவ்வளவு மெல்லியதாகச் செதுக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். வெளிச்சம் அதன் விளிம்பில் நூல்போல நிற்கும். மேலே விதானத்தில் ஒரே கல்லில் வெட்டிய சங்கிலி தொங்குகிறது. வெளியே இறவாப் பனை, பிறவாப் புளி. அந்தப் புளியங்கொட்டை முளைக்காது என்பது ஐதீகம்.

ஆனி மாதம் இங்கே நாற்று நடவு உற்சவம். சுந்தரர் பொருள் கேட்டு வருகிறார் என்று தெரிந்து, கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாத பட்டீசுவரர் கூலியாள் வேடம் போட்டு அம்மையோடு வயலில் நாற்று நட்டாராம். சாமியே வயலில் இறங்கிப் பாடுபட்டதாகச் சொல்வதுதான் உழைப்பை நம்பி வளர்ந்த கொங்கு நாட்டுக்குப் பொருத்தமான கதை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடைபாதையின்மேல் சிவப்புக் கோடு ஒன்று ஓடுகிறது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நான்கு கிலோமீட்டர் நடந்தால் பதினாறு வரலாற்று இடங்களைப் பார்த்துவிடலாம். 1951-ல் அந்த யோசனையைச் சொன்னவர் வில்லியம் ஸ்கோஃபீல்டு என்ற பத்திரிகையாளர். கோவையில் டவுன்ஹால் மணிக்கூண்டிலிருந்து கோட்டைமேடு வரை அப்படி ஒரு கோடு போடப் பெரிய செலவு ஆகாது. அதுவும் முடியாவிட்டால், ஒவ்வொரு வீதி முனையிலும் பஸ் நிறுத்தத்திலும் நான்கு வரியில் ஒரு பலகை போதும்: சலிவன் யார், வெரைட்டி ஹால் எது, ஹோப் காலேஜ் எங்கே போனது என்று. மாநகராட்சி இதைச் செய்ய வேண்டும். அதுவரை கோவைக்கு வருகிறவர்கள் ஊட்டிப் பயணத்தை ஒரு நாள் தள்ளிவைத்து, காலை ஆறரைக்கு மணிக்கூண்டுக்கு வந்துவிடுங்கள்.